பதவியேற்க 35 சொல் போதும், ஊர்வலம் எதற்கு?

முத்துநகரான்

2025 ஜனவரி 20 அன்று வாஷிங்டனில் குளிர் அதிகம் என்று, அதிபர் டிரம்பின் பதவியேற்பை, நாடாளுமன்றம் இருக்கும் கேப்பிட்டல் கட்டடத்துக்கு உள்ளேயே, குவிமாடத்துக்குக் கீழே இருக்கும் ரொட்டண்டா மண்டபத்தில் வைத்து முடித்துவிட்டார்கள். வெளியே நின்று பார்க்க இரண்டு லட்சத்துக்கும் மேல் அனுமதிச்சீட்டு கொடுத்திருந்தார்கள். உள்ளே இடம் கிடைத்தது சில நூறு பேருக்கு. நேற்று அந்த வீடியோவை மறுபடி பார்த்தபோது எழுந்த கேள்விதான் இந்த இழை. கூட்டம் இல்லாததால் என்ன குறைந்துபோனது?

அமெரிக்க அரசமைப்பு புதிய அதிபரிடம் கேட்பது ஆங்கிலத்தில் 35 சொல் மட்டும். பதவியை உண்மையோடு நிறைவேற்றுவேன், அரசமைப்பைப் பேணுவேன், காப்பேன், அதற்கு அரணாக நிற்பேன். அவ்வளவுதான். உரை கேட்கவில்லை, பைபிள் கேட்கவில்லை, ஊர்வலமும் நடன விருந்தும் கேட்கவில்லை. எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

எனக்கு மிகப் பிடித்த பதவியேற்பு 1923-இல் நடந்தது. அதிபர் ஹார்டிங் சான் பிரான்சிஸ்கோவில் திடீரென்று இறந்துபோனார். துணை அதிபர் கூலிட்ஜ் அப்போது வெர்மான்ட் மாநிலத்து பிளிமத் நாட்ச் என்ற சிற்றூரில், அப்பா வீட்டில் இருந்தார். வீட்டில் மின்சாரம் கிடையாது, தொலைபேசி கிடையாது. நடுராத்திரி ஆள் வந்து கதவைத் தட்டிச் செய்தி சொன்னார். கூலிட்ஜின் அப்பா ஊரில் நோட்டரி. அதிகாலை 2:47-க்கு மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அப்பா சொல்லச் சொல்ல மகன் உறுதிமொழி எடுத்தார். பிறகு போய்ப் படுத்துவிட்டார். ஒரு குடியரசுக்கு இதைவிட அழகான பதவியேற்பு உண்டா?

இன்னொன்று 1963 நவம்பர் 22. கென்னடி சுடப்பட்ட நாள். டல்லஸ் விமான நிலையத்தில் நின்ற விமானத்துக்குள் துணை அதிபர் ஜான்சன் பதவியேற்றார். பக்கத்தில் ரத்தக்கறை படிந்த உடையோடு கென்னடியின் மனைவி ஜாக்குலின். விழா கிடையாது, ஆனால் அந்த உறுதிமொழியின் கனம் யாருக்கும் குறைவாகப் படவில்லை.

விழாவின் மறுபக்கம் 1841. புதிய அதிபர் ஹாரிசன் மேலங்கி போடாமல் மார்ச் மாதக் குளிரில் 8,445 சொல் கொண்ட உரையை இரண்டு மணி நேரம் வாசித்தார். ஒரே மாதத்தில் இறந்தார். விழாவே மனிதரைக் கொன்றது.

என் கட்சி இதுதான்: ஒரு அறை, ஒரு நீதிபதி, சாட்சிகள், 35 சொல். முடிந்ததும் வேலையைப் பார்க்கப் போகட்டும்.

செங்காந்தள்

முத்துநகரான் அண்ணா, கூலிட்ஜ் கதை எனக்கும் பிடிக்கும். ஆனா நீங்க சொன்ன ரெண்டுமே சாவு வீட்டுப் பதவியேற்பு. எழவு விழுந்த வீட்டில் நடந்த தாலிகட்டைக் காட்டி, கல்யாணமே அப்படித்தான் நடக்கணும்னு சொல்ல முடியுமா?

நான் மேரிலாந்தில் இருக்கேன். 2009 ஜனவரி 20 அன்னிக்கு நானும் வீட்டுக்காரரும் நேஷனல் மால் திடலில் நின்னோம். விடியக்காலை மூணு மணிக்குக் கிளம்பி, ரயிலில் மூச்சுவிட இடமில்லாம நசுங்கி, வாஷிங்டன் நினைவுத்தூண் பக்கம் ஒரு பெரிய திரைக்கு எதிரே இடம் பிடிச்சோம். பகல்லயே பூஜ்யத்துக்குக் கீழே குளிர். கையுறைக்குள்ள வைக்கிற சூட்டுப் பொட்டலம் ரெண்டு மணி நேரத்தில் ஆறிப்போச்சு.

பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு கருப்பினப் பாட்டி உட்கார்ந்திருந்தாங்க. அலபாமாவிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவங்க. கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்துக் காட்டினாங்க. அவங்க அப்பா கட்டின வாக்கு வரி ரசீது. தெற்கு மாநிலங்களில் அந்த வரியைக் கட்டினாத்தான் ஓட்டுப் போட முடியும். கருப்பினத்தவரையும் ஏழைகளையும் வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாம வைக்கிறதுக்காகவே போட்ட வரி அது. மத்தியத் தேர்தல்களில் அதை ஒழிக்க 1964-இல்தான் அரசமைப்பைத் திருத்தினாங்க. பணம் கட்டியும் அப்பாவை ஓட்டுப் போட விடலையாம். ஒபாமா பைபிள் மேல கை வச்ச நேரம் பாட்டி அந்த ரசீதை எடுத்துத் திரைப்பக்கம் திருப்பிப் பிடிச்சாங்க. அப்பா பார்க்கட்டும்னு சொன்னாங்க.

அன்னிக்குத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் உறுதிமொழியில் ஒரு சொல்லை இடம் மாத்திச் சொல்லிட்டார், ஒபாமாவும் தடுமாறினார். சட்டச் சிக்கல் ஏதும் வரக்கூடாதுன்னு மறுநாள் சாயங்காலம் வெள்ளை மாளிகை அறை ஒண்ணில் ரெண்டு பேரும் மறுபடி ஒழுங்கா சொன்னாங்க. நீங்க கேட்கிற மாதிரியே: ஒரு அறை, நீதிபதி, சில சாட்சிகள். சட்டப்படி பிழையே இல்லாத பதவியேற்பு அந்த ரெண்டாவதுதான். ஆனா அந்தப் பாட்டி ரசீதை எங்கே கொண்டுபோய்க் காட்டியிருப்பாங்க?

பழுப்புத்தாள்

நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன். முதலில் ஒரு திருத்தம். ஹாரிசனை உரை கொன்றது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கதை, பாடப்புத்தகங்களிலும் ஏறிவிட்டது. அவர் உரையாற்றியது மார்ச் 4. படுக்கையில் விழுந்தது மார்ச் 26. இடையில் மூன்று வாரம். இறந்தது ஏப்ரல் 4. மருத்துவரின் குறிப்புகளை அண்மைக் காலத்தில் மறுபடி படித்தவர்கள், வெள்ளை மாளிகைக் குடிநீரில் கழிவுநீர் கலந்ததால் வந்த குடல் காய்ச்சலாக இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே முத்துநகரான் தம்பி, அந்தச் சாட்சியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, “எல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை” என்றது. முதல் அதிபர் வாஷிங்டன் பதவியேற்ற 1789 ஏப்ரல் 30-ஐப் பாருங்கள். நியூயார்க், வால் தெரு, ஃபெடரல் ஹால். உச்ச நீதிமன்றமே இன்னும் அமையவில்லை. அதனால் நியூயார்க் மாநிலத்துச் சான்சலராக இருந்த நீதிபதி லிவிங்ஸ்டன் உறுதிமொழி செய்துவைத்தார். கையில் பைபிள் இல்லை என்று அருகிலிருந்த மேசன் சங்கத்திலிருந்து ஒன்றை இரவல் வாங்கிவந்தார்கள். வாஷிங்டன் போட்டிருந்தது கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் நெய்த பழுப்பு உடை. ஐரோப்பியத் துணிதான் உயர்வு என்றிருந்த காலத்தில் உள்ளூர்த் துணி.

இதில் நான் பிள்ளைகளுக்கு எப்போதும் சொன்ன ஒரு நுணுக்கம் உண்டு. உரையை அவர் உள்ளே, நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால்தான் படித்தார். உறுதிமொழியை மட்டும் மாடத்தில், தெருவில் நின்ற கூட்டம் பார்க்க எடுத்தார். முடிந்ததும் லிவிங்ஸ்டன் கூட்டத்தின் பக்கம் திரும்பி “ஜார்ஜ் வாஷிங்டன் நீடூழி வாழ்க” என்று குரல் கொடுத்தார். அந்த 35 சொல்லும் ஊர் முன்னால் சொல்லப்படவேண்டும் என்ற எண்ணம் முதல் நாளே இருந்தது.

கரிசல்காட்டான்

நான் முத்துநகரான் அண்ணன் பக்கம். ஊர் முன்னால என்கிறது நல்லாத்தான் இருக்கு. 1829-ல ஆண்ட்ரூ ஜாக்சன் அதைத்தான் செஞ்சார். வெள்ளை மாளிகைக் கதவைத் திறந்துவிட்டு எல்லாரும் வாங்கன்னார். சேறு அப்பின பூட்சோட பட்டு நாற்காலி மேல ஏறி நின்னான், கண்ணாடிச் சாமானெல்லாம் நொறுங்குச்சு, ஜாக்சனையே சுவரோட சேர்த்து நசுக்கப் பார்த்தாங்க. புதுசா வந்த அதிபர் பின்வழியா தப்பிச்சு விடுதிக்குப் போனார். கூட்டத்தை வெளியேத்த பானத் தொட்டியைத் தூக்கிப் புல்வெளியில வச்சாங்க.

1873-ல அதிபர் கிராண்ட் பதவியேற்புக்கு வச்ச விருந்தையும் சேர்த்துக்கோங்க. பாடுறதுக்குன்னு கூண்டுல கேனரிக் குருவிகளைத் தொங்கவிட்டாங்க. தற்காலிகக் கொட்டகை, சூடேத்த வழி இல்ல. குருவிங்க உறைஞ்சு செத்துப்போச்சு. இதையெல்லாம் மரபுன்னு கொண்டாட எனக்கு மனசு வரல.

செங்காந்தள்

குருவி விஷயத்தில் நான் உங்க பக்கம்தான், கரிசல் தம்பி. விருந்துக்கும் நடனத்துக்கும் நான் வாதாட வரல.

ஆனா கூட்டம்னா சேத்துக் காலு மட்டும் இல்ல. 1865 மார்ச் 4, லிங்கனோட ரெண்டாவது பதவியேற்பு. உள்நாட்டுப் போர் முடியப்போற நேரம். காலையெல்லாம் மழை, தெரு முழுக்கச் சேறு. பதவியேற்பு ஊர்வலத்தில் முதல் தடவையா கருப்பினப் படைவீரர்கள் அணிவகுத்து நடந்தாங்க. லிங்கன் பேசினது சுமார் 700 சொல். ‘யார் மீதும் பகையின்றி, எல்லாரிடமும் அன்போடு’ன்னு முடிச்சது அந்த உரையைத்தான்.

அன்னிக்கு ராத்திரி வெள்ளை மாளிகை வரவேற்புக்கு பிரெடெரிக் டக்ளஸ் போனார். அடிமையாப் பிறந்து தப்பி வந்து, அடிமை முறைக்கு எதிரா நாடெல்லாம் பேசினவர். கருப்பினத்தவரை உள்ளே விடக்கூடாதுன்னு வாசலில் காவலர்கள் மறிச்சாங்க. லிங்கனுக்குச் சொல்லி அனுப்பினதும் வழிவிட்டாங்க. கூட்டத்துக்கு நடுவில், எல்லார் காதிலும் விழற மாதிரி, ‘இதோ என் நண்பர் டக்ளஸ்’னு லிங்கன் கூப்பிட்டு, என் உரை எப்படி இருந்ததுன்னு கேட்டார். வரிசையில் ஆயிரம் பேர் நிக்கிறாங்க, உங்களை நிறுத்தக்கூடாதுன்னு டக்ளஸ் தயங்கியும் லிங்கன் விடல. ‘அது ஒரு புனிதமான முயற்சி’ன்னு பதில் சொன்னார். டக்ளஸே பிற்பாடு எழுதி வச்சது இது. ஒரு அறைக்குள்ள நாலு சாட்சியோட முடிஞ்சிருந்தா அந்த வாசல் திறந்திருக்குமா?

முத்துநகரான்

அக்கா, வாக்கு வரி ரசீதைப் பற்றிப் படித்துவிட்டு அரை மணி நேரம் எதுவும் எழுத முடியவில்லை. அதை மதிக்கிறேன்.

வாத்தியார் ஐயா, ஹாரிசன் திருத்தத்துக்கு நன்றி, எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் டக்ளஸ் கதையே என் பக்கமும் பேசும். வாசலில் அவரை மறித்ததும் அதே விழாதானே? யார் உள்ளே, யார் வெளியே என்று பிரிக்கும் வேலையையும் விழாதான் செய்கிறது. இன்றைக்கு அந்த வாசலில் நிற்பது காவலர் அல்ல, பணம்.

நெய்தல்நிலா

பணம்னு வந்ததால உள்ள வர்றேன். இதில ரெண்டு தனித்தனிச் செலவு இருக்கு, பல பேர் கலந்துடறாங்க. கேப்பிட்டல்ல நடக்கிற உறுதிமொழி நிகழ்ச்சியை நாடாளுமன்றத்தோட கூட்டுக் குழு ஒண்ணு நடத்துது, 1901-லிருந்தே அப்படித்தான். அது மக்கள் வரிப்பணம். நடனம், விருந்து, கச்சேரி இதுக்கெல்லாம் புது அதிபரோட ஆளுங்க அமைக்கிற தனிக் குழு நன்கொடை வாங்குது.

அந்த நன்கொடைக்கு உச்சவரம்பு சட்டத்தில கிடையாது. தேர்தல் பிரசாரத்துக்கு ஒருத்தர் இவ்வளவுதான் தரலாம்னு கணக்கு இருக்கு, நிறுவனங்கள் நேரடியாத் தரவே முடியாது. பதவியேற்புக்கு அந்தத் தடை இல்ல. வெளிநாட்டவர் தரக்கூடாது. 200 டாலர் அல்லது அதுக்கு மேல தந்தவங்க பேரை 90 நாளுக்குள்ள மத்தியத் தேர்தல் ஆணையத்துக்குக் காட்டணும். எவ்வளவு வந்ததுன்னு தெரியும், எதுக்குச் செலவாச்சுன்னு அதே மாதிரி விவரமாக் காட்ட வேண்டியதில்ல! 2017-ல 10 கோடி டாலருக்கும் மேல வசூலாச்சு. தேர்தல் முடிஞ்ச பிறகு, ஜெயிச்சவர் யாருன்னு தெரிஞ்ச பிறகு கொடுக்கிற பணம் இது. தோத்துப்போற அபாயமே இல்லாத முதலீடு. எனக்கு இதுதான் உறுத்துது.

2009-ல ஒபாமா தானாவே தனிநபருக்கு 50,000 டாலர் வரம்பு வச்சார், நிறுவனங்கள்கிட்ட வாங்கல. 2013-ல அவரே நிறுவனப் பணத்தையும் வாங்கினார். தானா வச்சுக்கிற கட்டுப்பாடு நாலு வருஷம்கூடத் தாங்கல. சட்டம்தான் வேணும்.

வாத்தியார் சார்கிட்ட ஒரு சந்தேகம். 2025-ல டிரம்ப் பைபிள் மேல கை வைக்கல, மெலனியா பிடிச்சுக்கிட்டுப் பக்கத்தில நின்னாங்க. அது செல்லாதுன்னு ஒரு வாட்ஸ்அப் பரவிச்சே?

பழுப்புத்தாள்

செல்லும் அம்மா. அரசமைப்பில் பைபிளே இல்லை. 1825-இல் ஜான் குயின்சி ஆடம்ஸ் சட்டப் புத்தகத்தின் மேல் கை வைத்தார். 1901-இல் மெக்கின்லி சுடப்பட்டு இறந்ததும் பஃபலோவில் தியடோர் ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது எந்தப் புத்தகமும் இல்லை. டல்லஸ் விமானத்தில் ஜான்சன் கையில் இருந்தது கத்தோலிக்க வழிபாட்டு நூல். அவசரத்தில் கிடைத்தது அதுதான்.

ஆணையிடுவதா, உறுதி கூறுவதா என்ற தேர்வையும் அரசமைப்பே கொடுத்திருக்கிறது. நம் ஊரில் ‘ஆண்டவன் பெயரால்’, ‘உளமார’ என்று இரண்டு வாசகம் இருப்பதைப் போல. 1853-இல் ஃபிராங்க்ளின் பியர்ஸ் ‘உறுதி கூறுகிறேன்’ என்றே சொன்னார். பதவியேற்க இரண்டு மாதம் இருக்கும்போது ரயில் விபத்தில், பெற்றோர் கண்ணெதிரே, எஞ்சியிருந்த ஒரே மகன் இறந்திருந்தான். அந்த மனநிலையோடு வந்து, முழு உரையையும் தாளைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னார். அவரது ஆட்சியைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஆனால் அந்த நாளை நினைத்தால் நெஞ்சு கனக்கும்.

கடைசியில் ‘கடவுள் துணை நிற்பாராக’ என்று சேர்ப்பதும் மரபுதான், சட்டமல்ல. வாஷிங்டனே சொன்னார் என்பார்கள்; அன்று உடனிருந்தவர்கள் எழுதியதில் அதற்குச் சான்று இல்லை. செய்தித்தாளில் உறுதியாகப் பதிவானது 1881-இல், செஸ்டர் ஆர்தர் பதவியேற்றபோது.

முத்துநகரான்

ஐயா, அப்படியே என் வாதத்துக்கு வாருங்கள். புத்தகம் வேண்டியதில்லை, கடவுள் பெயர் வேண்டியதில்லை. இன்னும் ஒன்று: 1933-இல் நிறைவேறிய 20-ஆவது திருத்தத்தின்படி ஜனவரி 20 பகல் 12 மணிக்குப் பழைய அதிபரின் பதவிக்காலம் தானாக முடிந்துவிடுகிறது. மேடையில் யாராவது பேசிக்கொண்டிருந்தாலும் சரி, பாட்டு நடந்துகொண்டிருந்தாலும் சரி. அதிகாரத்தைக் கைமாற்றுவது கடிகாரம். பிறகு மேடை எதற்கு?

பழுப்புத்தாள்

அந்தத் திருத்தம் ஏன் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதுவரை தேர்தல் நவம்பரில், பதவியேற்பு மார்ச் 4-இல். குதிரையில் சேதி போன காலத்துக்கு நான்கு மாதம் தேவைப்பட்டது. தந்தி வந்தபிறகும் அந்த இடைவெளி நீடித்தது. 1860-இல் லிங்கன் வென்றதும், பதவியில் இருந்த புக்கானன் கையைப் பிசைந்துகொண்டிருக்க, மார்ச் வருவதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்துபோயின. லிங்கன் பதவியேற்பதற்கு முன்பே, பிப்ரவரி 18 அன்று, ஜெஃபர்சன் டேவிஸ் தெற்கின் அதிபராகப் பதவியேற்றுவிட்டார். 1932-இல் மறுபடி அதே கதை. நவம்பரில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வென்றார், மார்ச் வரை ஹூவர். வங்கிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. பதவியேற்பு நாள் காலையில் நியூயார்க்கும் இல்லினாயும் வங்கிக் கதவைச் சாத்தின. “நாம் அஞ்சவேண்டியது அச்சத்துக்கு மட்டுமே” என்று ரூஸ்வெல்ட் பேசியது அந்தப் பகலில். 1937 முதல் ஜனவரி 20.

அதே 1933 மார்ச் 4-இல் வெள்ளை மாளிகையிலிருந்து கேப்பிட்டல் வரை ஹூவரும் ரூஸ்வெல்ட்டும் திறந்த காரில் ஒரே இருக்கையில், முழங்காலில் ஒரே போர்வையோடு போனார்கள். படத்தில் ஹூவரின் முகத்தைப் பாருங்கள். ஒருவரோடு ஒருவர் பேச மனமில்லாத நிலை. ஆனாலும் ஒரே காரில் போனார்கள்.

செங்காந்தள்

வாத்தியார் ஐயா, அந்தக் காரைச் சொன்னீங்க பாருங்க, நான் மூணு நாளா சொல்ல வார்த்தை தேடினது அதுதான்.

அதிகாரத்தை மாத்துறது கடிகாரம்தான், ஒத்துக்கறேன். ஆனா சட்டம் கேட்காத ஒண்ணை ஒரு ஆள் தானா வந்து செய்றார்ல, அங்கேதான் அதுக்கு மதிப்பு. தோத்தவர் வந்து அந்த நாற்காலியில் உட்காரணும்னு எந்தச் சட்டத்திலும் இல்ல. வராம இருந்தா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. வந்து உட்கார்றார்.

1981-இல் கார்ட்டரைப் பாருங்க. ஈரானில் பிடிச்சு வச்ச 52 பேரை மீட்கக் கடைசி ரெண்டு ராத்திரி சரியாத் தூங்கல. ரீகன் உறுதிமொழி எடுத்து முடிச்ச சில நிமிஷத்துக்கு அப்புறம்தான் ஈரான் அவங்களை விட்டது. பாடுபட்டவர் இவர், சேதி வந்தது அவர் ஆட்சியில். அந்த முகத்தோட மேடையில் உட்கார்ந்திருந்தார்.

துணை அதிபர்கள் நிலைமை இன்னும் கஷ்டம். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கிற தேர்வாளர்களோட வாக்குகளை எண்ணி முடிவை அறிவிக்கிற வேலை அவங்களோடது. 1961-இல் நிக்சன், 2001-இல் அல் கோர், 2025-இல் கமலா ஹாரிஸ். மூணு பேரும் தன் தோல்வியைத் தானே அறிவிச்சாங்க, ரெண்டு வாரம் கழிச்சு ஜெயிச்சவர் பதவியேற்கிறதைப் பக்கத்தில் இருந்து பார்த்தாங்க. 2025-இல் மண்டபத்துக்கு உள்ளே நடந்ததில் எதுவுமே குறையலைன்னு ஆரம்பத்தில் கேட்டீங்களே அண்ணா. ஆமா, குறையல, ஏன்னா பைடனும் கமலாவும் அங்கே உட்கார்ந்திருந்தாங்க.

2021-இல்தான் குறைஞ்சது. ஜனவரி 6 கேப்பிட்டல் தாக்குதல் முடிஞ்சு ரெண்டு வாரம். தேசியக் காவல் படை மட்டும் 25,000 பேர். கொரோனா வேற, மால் திடலில் ஆளுக்குப் பதிலா கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் கொடி நட்டிருந்தாங்க. நான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி நின்ன இடத்தில் கொடி நின்னுது. டிரம்ப் காலையிலேயே ஃபுளோரிடாவுக்குப் போயிட்டார். துணை அதிபர் பென்ஸ் வந்தார், அது பெரிய விஷயம். இருந்தாலும் அந்த ஒரு நாற்காலி காலிங்கிறது எங்களுக்கெல்லாம் தெரிஞ்சுது.

அந்த வருஷம் துளசேந்திரபுரத்தில் கமலாவோட தாத்தா ஊர்க்காரங்க வெடி வெடிச்சு இனிப்பு கொடுத்ததை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீங்க. இங்கே ஊர் ஊரா வீடுகளில் ஆளுக்கொரு அட்டையில் கோலம் போட்டு அனுப்பினோம். பதவியேற்பு வரவேற்புக்கான வீடியோவில் அதைச் சேர்த்தாங்க. நான் போட்டது சாதாரண சிக்குக் கோலம், பதினஞ்சு புள்ளி. வாசலில் போடறதை அட்டையில் போட்டப்போ கை நடுங்குச்சு.

கரிசல்காட்டான்

அக்கா, பழைய அதிபர் வராம இருந்தது 2021-ல மட்டும் இல்லயே. 1801-ல ஜான் ஆடம்ஸ் விடியக்காலை நாலு மணி வண்டியைப் பிடிச்சு ஊரைவிட்டே போனார். 1829-ல அவர் மகன் ஜான் குயின்சி ஆடம்ஸும் ஜாக்சன் விழாவுக்கு வரல. 1869-ல ஆண்ட்ரூ ஜான்சனும் வரல. குடியரசு ஒண்ணும் இடிஞ்சு விழலயே.

பழுப்புத்தாள்

ஆடம்ஸை அவசரப்பட்டுத் தீர்ப்பிடவேண்டாம். அதற்குச் சில மாதம் முன்புதான் அவர் மகன் சார்லஸ் இறந்திருந்தார். ஒரு கட்சியிலிருந்து எதிர்க்கட்சிக்கு ஆட்சி மாறியதும் அதுதான் முதல் தடவை. எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று காட்ட முன்மாதிரி இல்லை. ஜெஃபர்சன் தங்கியிருந்த விடுதியிலிருந்து கேப்பிட்டலுக்கு நடந்தே போனார். “நாம் எல்லாரும் குடியரசுவாதிகள், நாம் எல்லாரும் கூட்டாட்சிவாதிகள்” என்று இரு கட்சிகளின் பெயரையும் சேர்த்துப் பேசினார். கேட்கவேண்டியவர் அப்போது வண்டியில் மாசசூசெட்ஸ் பாதையில்.

1869-இல் குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. ஜான்சனோடு ஒரே வண்டியில் ஏறமாட்டேன் என்றவர் புதிய அதிபர் கிராண்ட். ஜான்சன் வெள்ளை மாளிகையிலேயே இருந்து பகல் வரை கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

இடிந்து விழவில்லை, உண்மை. ஆனால் அந்த மூன்று வருடமும் நாடு எவ்வளவு பிளந்து கிடந்தது என்று பாருங்கள். 1869 முடிந்து 2021 வரை ஒன்றரை நூற்றாண்டு, தேர்தலில் தோற்ற அதிபர்கள்கூட வந்தார்கள்: ஹூவர், ஃபோர்டு, கார்ட்டர், மூத்த புஷ்.

முத்துநகரான்

மூத்த புஷ் பெயர் வந்ததால் சொல்கிறேன். 1993-இல் கிளின்டனிடம் தோற்றுப் போகும்போது மேசையில் ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போனார். “உங்கள் வெற்றி இனி நம் நாட்டின் வெற்றி. உங்களுக்காக நான் மனதார வேண்டி நிற்கிறேன்” என்ற பொருளில் முடியும். 1989-இல் ரீகன் அதே புஷ்ஷுக்கு எழுதிவைத்ததில் தொடங்கிய பழக்கம். கேமரா இல்லை, கூட்டம் இல்லை, நன்கொடை இல்லை. தோற்றவரின் பெருந்தன்மைக்கு அதைவிடப் பெரிய சாட்சி எது? அதற்கு மேடை தேவைப்படவில்லையே.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தக் கடிதத்தை நாம் படித்தது பல வருடம் கழித்து. அன்றைய தினம் புஷ்ஷுக்கு வாக்களித்தவர்கள் பார்த்தது மேடையில் அவர் கிளின்டனின் கையைக் குலுக்கியதைத்தான். அந்த நாற்காலி விஷயத்தில் என் நிலையை மாற்றிக்கொள்கிறேன். உறுதிமொழி திறந்த வெளியில், பழைய அதிபர் பக்கத்தில் இருக்க, ஊர் பார்க்க நடக்கட்டும். மூடிய அறை வேண்டும் என்றதை விட்டுவிட்டேன்.

நடன விருந்தும் நன்கொடையும் ஊர்வலமும் போகவேண்டும் என்பதை விடமாட்டேன். 1945-இல் போர்க்காலத்தில் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைத் தெற்கு முகப்பிலேயே எளிமையாக முடித்தார், ஊர்வலமே இல்லை. அந்த அளவு போதும்.

நெய்தல்நிலா

நன்கொடைக்கு உச்சவரம்பு, நிறுவனப் பணத்துக்குத் தடை, செலவுக் கணக்கு முழுசா வெளியீடு. இந்த மூணும் வந்தா விருந்து தானா சுருங்கிடும். எனக்கு அது போதும்.

செங்காந்தள்

நிலா சொன்ன மூணுக்கும் நான் கையெழுத்துப் போடறேன். விருந்தை எடுத்துக்கோங்க அண்ணா. தெருவை எடுக்காதீங்க.

1913-இல் வில்சன் பதவியேற்க முந்தின நாள், வாக்குரிமை கேட்டு ஐயாயிரத்துக்கும் மேல பெண்கள் அதே பென்சில்வேனியா அவென்யூவில் நடந்தாங்க. ஊரே விழாவுக்குக் கூடியிருக்கும், எல்லார் கண்ணும் அந்தத் தெருவில் இருக்கும்னு தெரிஞ்சே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாங்க. ஆம்பளைங்க வழிமறிச்சுத் தள்ளி, அடிச்சு, நூறு பேர் போல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அதை நாடாளுமன்றமே விசாரிச்சுது. ஏழு வருஷத்தில் ஓட்டுரிமை வந்துது. 1977-இல் கார்ட்டர் காரை விட்டு இறங்கி மனைவி, மகள் கையைப் பிடிச்சுக்கிட்டு அதே தெருவில் வெள்ளை மாளிகை வரை நடந்தார், ஒரு மைலுக்கும் மேல. அதுக்கு யார்கிட்டயும் நன்கொடை வாங்கல.

முத்துநகரான்

நடந்து போவதாக இருந்தால் சரி அக்கா. பீரங்கி வண்டியும் அலங்கார ஊர்தியும் வேண்டாம்.

செங்காந்தள்

அடுத்தது 2029 ஜனவரி 20, சனிக்கிழமை. லீவு போட வேண்டியதில்ல. இந்தத் தடவை மடக்கு நாற்காலி ஒண்ணு கொண்டுபோறேன், சூட்டுப் பொட்டலம் நாலு ஜோடி. நீங்க யாராவது வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க, காலையில மூணு மணி ரயிலுக்கு எங்க வீட்டிலிருந்தே கிளம்பிடலாம்.